ஆறடிக் கயிறு

மகாபாரதத்தின் கடைசிப் பயணம் ஒரு மலையேற்றம். அரசைத் துறந்து மரவுரி தரித்து ஐவரும் திரௌபதியும் வடக்கு நோக்கி நடக்கிறார்கள். அத்தினாபுரத்திலிருந்து ஒரு நாயும் உடன் நடக்கிறது. திரௌபதி முதலாக ஒவ்வொருவராக வழியில் வீழ்கிறார்கள். கடைசியில் எஞ்சுபவர்கள் தருமனும் அந்த நாயும் மட்டுமே. தேரோடு வந்து நிற்கும் இந்திரன், நாய்க்குச் சுவர்க்கத்தில் இடமில்லை என்கிறான். நம்பி வந்ததைக் கைவிட்டுத்தான் ஏறவேண்டுமென்றால் அந்தத் தேரே வேண்டாம் என்று தருமன் நின்றுவிடுகிறான். பிறகுதான் நாய் அறக்கடவுளாக உருமாறுகிறது.

வில்லிபாரதம் நடத்தும்போது மாணவர்கள் இந்தக் கதையைத் தேடுவார்கள். அதில் இது இல்லை. வில்லிபுத்தூரார் பத்துப் பருவங்களோடு, போர் முடிந்த நிலையில், நிறுத்திக்கொண்டார். எஞ்சியவற்றையும் தமிழில் பாட நல்லாப்பிள்ளை வரவேண்டியிருந்தது. ஆகவே நாயின் கதையை நான் வாய்மொழியாகவே வகுப்பில் சொல்லி வந்திருக்கிறேன். அன்பின் கதை, அடைக்கலத்தின் கதை என்றே பல ஆண்டுகள் சொன்னேன். 2023ஆம் ஆண்டின் இலையுதிர் காலத்துக்குப் பிறகு அந்தக் கதையில் வேறொன்று எனக்குத் தெரிகிறது. அதைச் சொல்லவே இக்கட்டுரை. ஒரு தவறை ஒப்புக்கொள்ளவும்தான்.

*

என் தங்கை அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில், போர்ட்லண்ட் நகரை ஒட்டிய பீவர்ட்டனில் வசிக்கிறாள். அவளுக்கு ஓர் அறுவைச் சிகிச்சை. உடனிருந்து கவனித்துக்கொள்ள ஈட்டிய விடுப்பில் செப்டம்பரில் சென்றேன். சமையல், மருந்து, வீடு என்று நான் நினைத்துச் சென்ற வேலைகளோடு, நினைத்திராத ஒன்றும் என் தலையில் விழுந்தது. அவர்கள் வீட்டு நாயை நடத்திக்கொண்டு போகும் வேலை. கறுப்பு நிறம், லாப்ரடார் கலப்பு. காப்பகத்திலிருந்து எடுத்து வளர்க்கிறார்கள். பெயர் மிளகு.

நான் நாய்க்கு அஞ்சி வளர்ந்தவள். எங்கள் ஊரில் மாலை ஏழு மணிக்குமேல் கல்லூரியிலிருந்து திரும்புகையில், தெருமுனை நாய்களுக்காகக் கையில் குடையை வைத்துக்கொண்டு நடந்தவள். மழைக்காக அந்தக் குடையை விரித்ததைவிட நாய்க்காக ஓங்கியதே அதிகம். அப்படிப்பட்டவளின் கையில் தங்கை மகள் வாரைக் கொடுத்து, "பெரியம்மா, இழுக்காதீங்க. அது முகர்ந்து முடிக்கிற வரைக்கும் நில்லுங்க. அவ்வளவுதான்" என்றாள். பதினாறு வயதுப் பெண் எனக்கு அளித்த முழுப் பாடம் அதுதான். இன்றுவரை அதைவிட நல்ல பாடத்தை யாரும் எனக்கு நாயைப் பற்றிச் சொன்னதில்லை.

சனி ஞாயிறுகளில் அவளும் நானும் மிளகும் காட்டுக்குப் போனோம். அந்தப் பகுதியைச் சற்று விளக்கவேண்டும். கலிபோர்னியாவின் வடபகுதியிலிருந்து கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா வரை கேஸ்கேட் மலைத்தொடர் நீள்கிறது. ஏறத்தாழ 1,100 கிலோமீட்டர். அதன் உயர்ந்த சிகரங்கள் எரிமலைகள். அவற்றுள் லாசன் 1914 முதல் 1917 வரை வெடித்தது. செயின்ட் ஹெலன்ஸ் 1980 மே 18 அன்று காலை 8.32 மணிக்கு வெடித்துத் தன் உச்சியில் 400 மீட்டரை இழந்தது. 57 பேர் மாண்டார்கள். போர்ட்லண்டிலிருந்து வானம் தெளிந்த நாளில் கிழக்கே வெள்ளைக் கூம்பாகத் தெரிவது ஹூட் மலை. 3,400 மீட்டருக்கு மேல் உயரம். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் அது கடைசியாகப் பெரிய அளவில் விழித்துக்கொண்டது. இன்றும் உறங்குகிறதே தவிர இறந்துவிடவில்லை.

சங்கப் புலவர்கள் பாடிய மலைகள் எவையும் எரிமலைகள் அல்ல. குறிஞ்சி என்ற சொல்லோடு நம் மனத்தில் எழும் அருவியும் சுனையும் தினைப்புனமும் நிலைத்த மலைக்கு உரியவை. மலை என்பது நிலைபேற்றின் உவமை நமக்கு. ஹூட் மலைச் சாரலில் நடக்கையில் அந்த உவமை ஆட்டம் காண்கிறது. காலடியில் நெருநெருவென்று அரைபடும் மண் சாம்பலும் நுரைக்கல்லும். அதன் மேல்தான் நாலைந்து பேர் கைகோத்தாலும் சுற்றி வளைக்க முடியாத டக்ளஸ் ஃபிர் மரங்களும், செந்நிறச் சிடார்களும், ஹெம்லாக்குகளும் நிற்கின்றன. தரையெங்கும் பெரணி. கிளையெங்கும் பாசி. நெருப்பு கக்கிய மண்ணில் இவ்வளவு ஈரம் எப்படி என்று முதல் நாள் வியந்து நின்றேன். மிளகு வியக்கவில்லை. அதன் மூக்கு தரையில் இருந்தது.

நாயோடு நடப்பவர் காட்டை இரண்டு முறை பார்க்கிறார். ஒருமுறை தம் கண்ணால். மறுமுறை நாய் நிற்கும் இடங்களால். நான் மரத்தின் உச்சியைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அது வேரைப் படித்துக்கொண்டிருக்கும். ஒரு விழுந்த மரத்தின் அருகே மூன்று நிமிடம் நின்றது. எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அருகே குனிந்து பார்த்தபோது, பாசியின் மேல் ஏதோ ஒரு விலங்கு சற்றுமுன் படுத்திருந்த அழுத்தம் தெரிந்தது. ஏட்டுச்சுவடியில் கண்ணுக்குப் புலப்படாத எழுத்தின் மேல் மை தடவிப் படிப்பது போல, அது காட்டைப் படித்துக் காட்டியது. பத்து நாள்களில் என் அச்சம் போய்விட்டது. இரண்டு வாரத்தில் அது என் கட்டிலின் கால்மாட்டில் உறங்கியது. தங்கை படுக்கையில் இருந்தபடி, "அக்கா, நீ நாயோட பேசுறே, தெரியுமா?" என்று சிரித்தாள். பேசிக்கொண்டுதான் இருந்தேன்.

*

அங்கே காட்டு வழிகளுக்கு விதிகள் உண்டு. தேசிய வனம் என்பது ஒன்று. தேசியப் பூங்கா என்பது வேறொன்று. ஹூட் மலையைச் சுற்றியுள்ள தேசிய வனத்தில் நாயைக் கூட்டிச் செல்லலாம். ஆனால் அதே மலைத்தொடரில் உள்ள ரெய்னியர், லாசன் எரிமலைகளின் தேசியப் பூங்காக்களில் நடைபாதைகளில் நாய்க்கு இடமில்லை. வாகனம் நிறுத்துமிடம், முகாம், வண்டிச் சாலை, இவ்வளவோடு அதன் எல்லை முடிகிறது. ரெய்னியரில் பசிபிக் நெடும்பாதையின் ஒரு துண்டு மட்டும் விலக்கு. செயின்ட் ஹெலன்ஸில், வெடிப்புக்குப் பின் இயற்கை தானாக எப்படி மீள்கிறது என்று ஆராய ஒதுக்கிய தடைப் பகுதிக்குள்ளும் வளர்ப்பு விலங்குகள் வரக்கூடாது. நாய் அனுமதிக்கப்படும் இடங்களில் ஆறடிக்கு மிகாத வார் என்பது பொதுவாகக் காணும் நிபந்தனை.

இந்த விதிகளைப் பற்றி அங்குள்ள நாய்ப்பிரியர்களிடம் நிறைய மனக்குறை உண்டு. வழியில் சந்தித்தவர்களிடமும் தங்கையின் நண்பர்களிடமும் கேட்டேன். அவர்கள் வாதங்கள் எளிதில் தள்ளக்கூடியவை அல்ல. மனிதன் பிளாஸ்டிக்கையும் சத்தத்தையும் கொண்டுவருகிறான், அவனை விடுகிறீர்கள். குதிரையைக்கூடச் சில பாதைகளில் விடுகிறீர்கள். நாய் என்ன பாவம் செய்தது என்கிறார்கள். நாயும் இயற்கையின் ஒரு கூறுதானே, அதற்குக் காடு அந்நியமா என்கிறார்கள். இவை எல்லாவற்றையும்விட அடிக்கடி காதில் விழுவது மூன்றாவது வாதம்: என் நாய் ஒன்றும் செய்யாது.

அந்த மூன்றாவது வாதத்தை நானும் சொன்னேன். வாயால் அல்ல, கையால்.

*

ஹூட் மலையின் தென்சரிவில் பிறந்து இறங்கும் ஓர் ஆற்றின் பெயர் சால்மன். அது சேரும் பெரிய ஆறு சாண்டி. அந்தப் பெயருக்கு ஒரு கதை உண்டு. 1805 நவம்பரில் லூயிஸ், கிளார்க் இருவரின் பயணக்குழு கொலம்பியா ஆற்றின் வழியே அங்கு வந்தபோது, அதன் முகத்துவாரம் கால் வைத்தால் உள்வாங்கும் மணலாக இருந்தது. புதைமணல் ஆறு என்று பெயரிட்டார்கள். பத்திருபது ஆண்டுகளுக்கு முன் எரிமலை கக்கியதை ஆறு சுமந்து வந்து அங்கே கொட்டியிருக்கிறது என்பது அவர்களுக்குத் தெரியாது.

அந்தக் குழுவிலும் ஒரு நாய் இருந்தது. மெரிவெதர் லூயிஸ் இருபது டாலர் கொடுத்து வாங்கிய நியூஃபவுண்ட்லாண்ட் இன நாய். பெயர் சீமன், அதாவது கடலோடி. வழியில் பூர்வகுடி மனிதர் ஒருவர் மூன்று பீவர்த் தோல்கள் தருவதாகச் சொல்லி அதைக் கேட்டபோதும் லூயிஸ் கொடுக்கவில்லை. தமிழாசிரியையான எனக்கு இந்த நாயின் பெயரே சுவையானது. நாட்குறிப்பின் கையெழுத்தைத் தவறாகப் படித்து, நெடுங்காலம் அதை ஸ்கானன் என்றே எழுதி வந்தார்கள். மாண்டானாவில் ஓர் ஓடைக்கு லூயிஸ் சூட்டிய பெயரைக் கொண்டு 1980களில்தான் டொனால்ட் ஜாக்சன் என்ற வரலாற்றாசிரியர் சரியான பாடத்தைக் கண்டார். பாடபேதம் நமக்கு மட்டும் உரிய துன்பம் அல்ல.

1806 ஏப்ரலில், திரும்பும் வழியில், கேஸ்கேட் மலைகளைக் கொலம்பியா அறுத்துச் செல்லும் இடத்தில் பூர்வகுடிகள் சிலர் சீமனைப் பிடித்துக்கொண்டு போனார்கள். லூயிஸ் மூன்று பேரை அனுப்பினார். எதிர்த்தால் சுடுங்கள் என்பது ஆணை. துரத்துவதைக் கண்டதும் அவர்கள் நாயை விட்டுவிட்டு ஓடினார்கள். நெகிழ வைக்கும் செய்திதான். ஆனால் அதே குழு, அதே ஆற்றங்கரையில், அதே மக்களிடமிருந்து நாய்களை விலைக்கு வாங்கிக் கொன்று தின்றுகொண்டிருந்தது. ஒன்றிரண்டல்ல, பயணம் முழுதும் நூற்றுக்கு மேல். ஒரு நாய்க்காக மனிதனைச் சுடத் துணிந்தவர்களுக்கு மற்ற நாய்கள் இறைச்சி.

லூயிஸைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. பசி அவர்களை விரட்டியது. நாம் நாயிடம் வைக்கும் அன்பின் இயல்பைக் காட்டவே எழுதுகிறேன். அது என் நாய் என்ற சொல்லுக்குள் சுருங்கிய அன்பு. அந்த வட்டத்துக்கு வெளியே நிற்கும் மற்ற நாயையும், மானையும், தரையில் கூடு கட்டும் பறவையையும் அது காண்பதில்லை. கொசுக்கடி தாளாமல் நாய் ஊளையிடுகிறது என்று 1806 ஜூலையில் ஒரு குறிப்பு. அதன்பின் சீமனைப் பற்றி நாட்குறிப்பு பேசவே இல்லை. அவ்வளவு நேசித்த நாய் வீடு திரும்பியதா என்று ஒரு வரி எழுதவும் கை வரவில்லை.

*

சால்மன் ஆற்றை ஒட்டி ஒரு பழைய நடைபாதை உண்டு. கடினமானதல்ல. என் வயதுக்கும் மூச்சுக்கும் ஏற்றது. அக்டோபர் தொடக்கத்தில் ஒரு வார நாள். தங்கை மகளுக்குப் பள்ளி. அன்று விடுமுறையில் இருந்த மாப்பிள்ளை என்னையும் மிளகையும் பாதையின் தொடக்கத்தில் இறக்கிவிட்டு, பக்கத்து ஊரில் ஒரு வேலையை முடித்து வருவதாகச் சொன்னார். இரண்டு மணி நேரம் எங்களுக்கு.

காட்டில் ஒருவரும் இல்லை. வைன் மேப்பிள் இலைகள் சிவந்திருந்தன. ஆறு சலசலத்துக்கொண்டிருந்தது. மிளகு வாரை முறுக்கிக்கொண்டு ஆற்றுப் பக்கம் இழுத்தது. நின்று என்னைப் பார்த்தது. அந்தப் பார்வையை நாய் வளர்ப்பவர்கள் அறிவார்கள். யாருமில்லாத காட்டில், இவ்வளவு அழகின் நடுவே, ஓர் உயிரைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு நிற்பது எனக்குச் சிறுமையாகப் பட்டது. அடிமைத்தளை, விடுதலை என்று நான் வகுப்பில் புழங்கும் பெரிய சொற்களெல்லாம் அந்த நேரத்தில் உதவிக்கு வந்தன. கழுத்துப் பட்டையிலிருந்து கொக்கியைக் கழற்றினேன்.

மிளகு ஒரு கணம் நம்பாமல் நின்றது. பிறகு பெரணிப் புதரில் ஏதோ அசைய, பாய்ந்தது. ஒரு மான். அது ஆற்றை நோக்கி இறங்கியது, மிளகு பின்னால். கூப்பிட்டேன். வரவில்லை. என் குரல் அதன் காதில் விழுந்திருக்கவே முடியாது. அந்த நேரத்தில் அது வீட்டு நாய் அல்ல. நம் பழம்பாடல்களில் வேட்டுவனோடு காடு புகும் ஞமலி அது. ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே நம் புலவர்கள் அறிந்திருந்த செய்தி. காட்டுக்குள் நாய் போவது உலாவுவதற்கு அல்ல. நான்தான் அதை மறந்திருந்தேன்.

நாற்பது நிமிடம். வழுக்கும் வேர்களைப் பிடித்துக்கொண்டு ஆற்றங்கரையில் இறங்கி ஏறினேன். மிளகு, மிளகு என்று தமிழில் கத்தியதை அந்த மரங்கள் மட்டுமே கேட்டன. மொழி தெரியாத நாட்டில், தொடர்பு கிடைக்காத கைப்பேசியோடு, தங்கை மகளின் முகத்தை நினைத்து நடுங்கினேன். பிறகு அது தானே வந்தது. உடல் நனைந்து, வாய் நாறி, மகிழ்ச்சியாக. கரையில் ஒதுங்கிக் கிடந்த எதையோ தின்றிருக்கிறது என்று தெரிந்தது. கொக்கியை மாட்டினேன். மாப்பிள்ளை வந்தபோது, ஆற்றில் இறங்கிவிட்டது என்று மட்டும் சொன்னேன்.

பொய் என்று சொல்ல முடியாது. உண்மை என்றும் சொல்ல முடியாது.

*

ஒரு வாரம் கழித்து மிளகு உணவைத் தொடவில்லை. மறுநாள் காய்ச்சல், வாந்தி, வயிற்றுப்போக்கு. கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோனோம். அறுவைக் காயம் முழுதும் ஆறாத தங்கையும் வந்திருந்தாள். மருத்துவர் கேட்ட முதல் கேள்விகளில் ஒன்று: பச்சை மீன் தின்றதா? தங்கை மகள் உடனே சொன்னாள், இல்லை, நாங்கள் ஒருபோதும் வாரைக் கழற்றுவதில்லை என்று. அந்தச் சொற்களில் இருந்த உறுதி என்மேல் வைத்த நம்பிக்கையும்தான்.

அந்த அறையில் நான் மௌனமாக இருந்த நேரம் ஐந்து விநாடி இருக்கலாம். என் வாழ்வில் நான் பெருமைப்பட முடியாத ஐந்து விநாடிகள். பிறகு சொன்னேன்.

அந்த நோயைப் பற்றி அன்றுதான் அறிந்தேன். பசிபிக் கடலின் சால்மன் மீன்கள் தாம் பிறந்த ஆற்றுக்குத் திரும்பி வந்து, முட்டையிட்டு, இறக்கின்றன. இலையுதிர் காலத்தில் கரையெங்கும் அவற்றின் சடலங்கள். கரடியும் ரக்கூனும் பறவைகளும் அவற்றைத் தின்கின்றன. மிச்சம் மண்ணில் மட்கி மரத்துக்கு உரமாகிறது. கடலின் சத்து மலைக்காட்டுக்கு ஏறும் வழி அது. ஆனால் அந்த வட்டாரத்து ஆறுகளில் சிறு நத்தைகளிலிருந்து மீனுக்கு ஏறும் ஒரு நுண்ணிய தட்டைப்புழு உண்டு. அந்தப் புழுவுக்குள் ஒரு கிருமி. மீனைப் பச்சையாகத் தின்னும் நாய்க்கு ஏறத்தாழ ஒரு வாரத்தில் நோய் காண்கிறது. மருத்துவம் செய்யாவிட்டால் பெரும்பாலான நாய்கள் அடுத்த பத்து நாளுக்குள் இறந்துவிடும். மருத்துவம் செய்தால் பிழைத்துக்கொள்ளும். புழுவுக்கு ஒரு மருந்து, கிருமிக்கு ஒரு மருந்து, அவ்வளவே. எல்லாம் அந்த ஒரு கேள்விக்கு வரும் விடையில் இருக்கிறது. மலத்தை உருப்பெருக்கியில் பார்த்தார்கள். புழுவின் முட்டைகள் இருந்தன. மூன்று நாள் மருத்துவமனையில் வைத்திருந்தார்கள். நான்காம் நாள் மிளகு கஞ்சி குடித்தது.

இந்த இடத்தில் ஒரு நீதி சொல்ல எனக்கு ஆசை வருகிறது. காட்டுக்கு உரிய கரடிக்கு உணவாவது, காட்டுக்கு அந்நியமான நாய்க்கு நஞ்சாகிறது. எல்லை மீறியதைக் காடு தண்டித்தது என்று முடிக்கலாம். அழகாக இருக்கும், உண்மையாக இருக்காது. அதே காட்டில் பிறந்து வளரும் கொயோட்டிக்கும் இந்த நோய் வரும். காடு யாரையும் தண்டிக்கவில்லை. அதற்கு நான் யாரென்றே தெரியாது. அறியாத இடத்தில் அறிந்தவளைப் போல நடந்தேன். தவறு அந்த இடத்தில் இருக்கிறது.

*

இனி அந்த மூன்று வாதங்களுக்கு வருகிறேன்.

மனிதன் செய்யும் கேடு பெரிது என்பது உண்மை. அதனாலேயே இன்னொரு கேட்டைச் சேர்க்கலாம் என்றாகாது. குதிரையின் வாதமும் அப்படியே. மேலும் குதிரை மானைக் கண்டால் துரத்துவதில்லை. நாய் போன வழியில் அது போனபின்னும் அதன் வாடை நிற்கிறது. முகர்ந்து பார்க்கும் மானுக்கு, மிளகு கட்டிலின் கால்மாட்டில் உறங்குவது தெரியாது. காப்பகத்திலிருந்து வந்ததும் தெரியாது. அதற்கு அது ஓநாயின் உறவு. குளிர்காலத்துக்கு முன் கொழுப்புச் சேர்த்துக்கொள்ள வேண்டிய விலங்கை நாம் ஒருமுறை ஓடவைக்கும்போது, அதன் சேமிப்பிலிருந்து திருடுகிறோம்.

நாய் இயற்கையின் கூறு என்ற வாதம் கேட்க இனிமையானது. ஆனால் நாய் காட்டின் படைப்பு அல்ல. மனிதன் தன் நெருப்பருகே அழைத்து, பல்லாயிரம் ஆண்டுகளாகத் தேர்ந்தெடுத்து வளர்த்த உறவு அது. அது காட்டைச் சேர்ந்ததல்ல, நம்மைச் சேர்ந்தது. அதனால்தான் அதன் செயலுக்கு நாம் பொறுப்பு. ஓநாய் மானைக் கொன்றால் அது காட்டின் கணக்கு. மிளகு கொன்றால் அது என் கணக்கு.

காட்டுக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. எரிமலை நிலம் நாய்க்கும் கடியது. நுரைக்கல்லும் குழம்புப் பாறையும் பாதத்தின் மெத்தைத் தோலை அராவிவிடும். ஓரிகனின் நியூபெரி எரிமலையில் ஏறத்தாழ 1,300 ஆண்டுகளுக்கு முன் வழிந்து உறைந்த கண்ணாடிப் பாறை வெளி ஒன்று உண்டு. அங்கே நாயைக் கூட்டி வராதீர்கள் என்று எச்சரிப்பதற்குக் காரணம் அந்தக் கல்லின் கூர்மை. நாம் தடித்த காலணியோடு நின்று, காட்சி அருமை என்கிறோம். வெறுங்காலோடு நிற்பது அது. வலித்தாலும் வாலாட்டிக்கொண்டு பின்னால் வரும். நாயின் பணிவை நாயின் ஒப்புதல் என்று நாம் மயங்கிக்கொள்கிறோம்.

என் நாய் ஒன்றும் செய்யாது என்பதற்கு நான் விடை சொல்லத் தேவையில்லை. மிளகு சொல்லிவிட்டது.

ஆகவே என் கருத்து இது. நாயை அனுமதிக்கும் காட்டில் நாயோடு நடப்பதைப் போன்ற இன்பம் குறைவு, நடக்கவேண்டும். ஆனால் ஆறடி வாரோடு, யாரும் பார்க்காத இடத்திலும். அந்தக் கயிறு நாயின் தளை என்று நினைத்தது என் பிழை. ஒரு முனை அதன் கழுத்தில் என்றால் மறுமுனை என் கையில் இருக்கிறது. கட்டுண்டவர்கள் இருவர். நான் உனக்குப் பொறுப்பு என்று மனிதன் எழுதிக் கொடுக்கும் சீட்டு அது. அதைக் கழற்றியபோது நான் மிளகுக்கு விடுதலை கொடுக்கவில்லை. எனக்கு நானே விடுதலை கொடுத்துக்கொண்டேன்.

நாய்க்கு இடமில்லை என்று சொல்லும் இடங்களில் என்ன செய்வது? சிலர் பைக்குள் ஒளித்துக் கொண்டுபோகிறார்கள். சிலர் வெயிலில் வண்டிக்குள் பூட்டிவிட்டுச் சிகரம் பார்க்கப் போகிறார்கள். முன்னது காட்டுக்குச் செய்யும் வஞ்சனை, பின்னது நாய்க்குச் செய்யும் கொடுமை. மூன்றாவது வழி ஒன்று இருக்கிறது. அதைத்தான் தருமன் காட்டினான் என்று இப்போது எனக்குப் படுகிறது.

நாய்க்கு இங்கே இடமில்லை என்று இந்திரன் சொன்னபோது தருமன் விதியை ஏமாற்ற முயலவில்லை. மரவுரிக்குள் நாயை மறைத்துத் தேரில் ஏறவில்லை. சற்று நேரம் இங்கேயே இரு என்று அதனிடம் சொல்லிவிட்டுத் தான் மட்டும் போய்ப் பார்த்து வரவுமில்லை. அப்படியானால் எனக்கும் வேண்டாம் என்று நின்றான். தான் இழக்க ஆயத்தமாக இருந்தான். அன்பு என்று நான் வகுப்பில் சொல்லி வந்ததன் விலை அதுதான். அந்த விலையை நான் ஒருபோதும் சொன்னதில்லை. ரெய்னியரின் மலர்வெளியைப் பார்க்கவேண்டுமானால் நாயை அன்பானவர் ஒருவரிடம் வீட்டில் விட்டுவிட்டுப் போகலாம். நாயோடுதான் அந்த நாள் கழியவேண்டும் என்றால் மலர்வெளியை விட்டுவிடலாம். இரண்டும் வேண்டும் என்பதிலிருந்துதான் எல்லாக் கேடும் தொடங்குகிறது.

*

ஊர் திரும்புவதற்கு முந்தைய ஞாயிறு. மிளகு தேறியிருந்தது. தங்கை மகள் ஒரு வாரமாக என்னிடம் அதிகம் பேசவில்லை. கோபம் என்று சொல்ல முடியாது. சற்றே தள்ளி நின்றாள். நியாயம்தான். அன்று காலை அவளே வந்து, "பெரியம்மா, கிளம்பலாமா?" என்றாள். வாரை எடுத்துச் சற்று நேரம் கையில் வைத்திருந்தாள். பிறகு என்னிடம் நீட்டினாள்.

அதே ஆற்றங்கரைப் பாதை. மழை தூறிக்கொண்டிருந்தது. மிளகு ஒவ்வொரு வேரிலும் நின்றது, நானும் நின்றேன். ஆற்றோரம் ஒரு வெள்ளை மீன் சடலம் தெரிந்ததும் அது இழுத்தது. நான் கயிற்றைச் சுருக்கிப் பிடித்தேன். ஏமாற்றத்தோடு ஒருமுறை என்னைத் திரும்பிப் பார்த்தது. அதே பார்வைதான்.

இந்த முறை நான் அதற்கு மயங்கவில்லை. காத்து நின்றேன். அது முகர்ந்து முடித்ததும் மூவரும் நடந்தோம்.